திரும்பக் கூப்பிடலாமா

முதலில் கேட்டது தண்ணீர். காலிக் குடத்தின் அடியில் விழும்போது வருமே ஒரு கணகணப்பு, அது. அதற்குப் பிறகுதான் தங்கபுஷ்பத்துக்கு, தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், மடியில் ஒரு பழைய டெலிபோன் இருப்பதும், முதுகுக்குப் பின்னால் கொடியில் தொங்கும் நீலப் போர்வைக்கு அந்தப் பக்கம் யாரோ செம்பால் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதும் உறைத்தது. கண்ணைத் திறந்தாள். சுண்ணாம்பு உரிந்த சுவர், அதில் எங்கோ அவசரமாகப் போகும் எறும்புகள். பாளையங்கோட்டையில் ஒரு தியான இல்லத்துக் கூடம், மதியம் மூன்று மணி. வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்குத் துணை நிற்கிற வேலையில் இருக்கும் பதினாலு பேருக்கு ஏழு நாள் பயிற்சி, இது கடைசி நாள், கடைசிப் பாடம். முதல் நாளே பயிற்சி கொடுக்கிற ஹமீதா மேடம் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, "உங்க கையை விட்டுப் போன ஒரு அழைப்பை எழுதுங்க. பேர் போடாதீங்க" என்று சொல்லி, எழுதியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டார். இன்றைக்கு ஒருத்தி அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அந்தப் பெண்ணாகவே பேச வேண்டும், இன்னொருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். "முகத்தைப் பார்த்தா முகத்துக்குப் பதில் சொல்லுவீங்க. நமக்கு வேண்டியது காது" என்றார் மேடம். பத்து நிமிடம். தேறினால் தாளில் மேடத்தின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாமல் தங்கபுஷ்பம் கோவில்பட்டிக்குத் திரும்பிப் போனால், தான் வேலை பார்க்கும் மையத்தில் கோலம் போடலாம், பைல் அடுக்கலாம், டீ போடலாம், ராத்திரி டெலிபோன் முன்னால் மட்டும் உட்கார முடியாது. உட்கார முடியாவிட்டால், தன் கையை விட்டுப் போன அந்தப் பெண் திரும்பக் கூப்பிடும்போது எடுக்கிறவள் வேறு யாரோ ஒருத்தியாக இருப்பாள். கூப்பிட்டால். அவள் கூப்பிட்டால்.

குடத்தில் கணகணப்பு மாறி, தண்ணீர் மேல் தண்ணீர் விழும் சத்தம் வந்துவிட்டது, கால் குடம் இருக்கும், இன்னும் அந்தப் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை. தங்கபுஷ்பம் அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டாள். இது என் சீட்டு. தண்ணீர் என்று நான்தான் எழுதினேன். டப்பாவில் பதினாலு சீட்டு கிடக்க இது எப்படி வந்து விழுந்தது. விடியற்காலம் அஞ்சரைக்குக் குழாயடியிலிருந்து அவள் கூப்பிட்டாள், யாரோ ஒரு பெண், பேர் சொல்லவில்லை, குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் தன் குரலை ஒளித்துவைத்துப் பேசினாள், குடம் நிறைவதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒவ்வொரு சொல்லும் பாதிப் பாதியாக வந்தது. கையைத் தூக்க முடியலை. தலையை வாரணும்னா கூட. அப்புறம் "இருங்க" என்றாள். கட். ராத்திரி முழுக்க ஒரு அழைப்பும் இல்லாமல் கண் எரியக் காத்திருந்தவளுக்கு அந்தக் கட் பொறுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் பதினைந்து விநாடி. அதற்குமேல் முடியவில்லை, அதே நம்பரை அமுக்கினாள். எடுத்தது ஆண் குரல். "யாரு?" தூக்கம் கலையாத குரல், கெட்ட குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, பால்காரரிடம் பேசுகிற மாதிரி ஒரு குரல். கியாஸ் புக்கிங்கா என்று கேட்டிருக்கலாம், முனியாண்டி இருக்காரா என்று கேட்டிருக்கலாம், ஒன்றும் சொல்லாமல் வைத்தாவது இருக்கலாம். "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். "எந்தம்மா?" என்று அவன் கேட்டபோது அந்தக் குரலில் தூக்கம் போயிருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து அழைப்பே இல்லை. இன்றோடு முப்பத்தொரு நாள்.

"அக்கா..." என்றது போர்வைக்கு அந்தப் பக்கம். உலகம்மாள். சங்கரன்கோவில் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்துவிட்டு அங்கேயே ஒரு மையத்தில் சேர்ந்தவள், ஏழு நாளும் பக்கத்துக் கட்டில், கூடத்தில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறவள். இரண்டாம் நாள் இதே மாதிரி ஒரு பாடத்தில் "கவலப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லப்போய், ஹமீதா மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "எப்ப சரியாயிரும் உலகம்மாள்? தேதியைச் சொல்லுங்க, எழுதிக்கிடுதோம்" என்று கேட்க, உலகம்மாளே முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது குரலில் எங்கேயும் இல்லை. "அக்கா, மெதுவாத்தான் பேசமுடியும். மாமியா வாசல்ல இருக்கு. பிள்ளைய ரெண்டும் தூங்குது." மாமியார் என்று நான் எழுதவே இல்லையே, பிள்ளைகள் உண்டா இல்லையா என்றே எனக்குத் தெரியாதே, தங்கபுஷ்பத்தின் மனசு அந்த இடத்தில் முள்ளில் சேலை மாட்டினது போல நின்றது. சிறுபிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய வாய், கையையும் காலையும் சேர்த்துச் சொல்கிறது, சொல்லட்டும். "சொல்லுங்கம்மா, கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரல் நடுங்கவில்லை என்று தெரிந்தது. "நேத்து கரண்டிய அடுப்புல வச்சு..." என்று உலகம்மாள் ஆரம்பித்து நிறுத்தினாள். செம்பு குடத்தின் விளிம்பில் இடித்தது. தங்கபுஷ்பத்துக்குச் சட்டம் தெரியும். மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்த காலத்தில், பதினோரு வருஷம், யாரோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த சட்டப் புத்தகத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் கையாலேயே எழுதிப் படித்தவள், பிரிவு பதினெட்டு, பிரிவு பத்தொன்பது, வீட்டை விட்டு உன்னை வெளியேற்ற அவனுக்கு உரிமை இல்லை, எல்லாம் நாக்கு நுனியில் நிற்கிறது, சொல் சொல் என்கிறது. சட்டம் கடைசியில் என்று மேடம் சொல்லியிருக்கிறார். முதலில் இரண்டு கேள்வி. இப்போது பேச முடியுமா. அடுத்தது என்ன. ஏழு நாளாகத் தூங்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்த அடுத்த கேள்வி, மனசுக்குள் கை விட்டுத் துழாவினால் கிடைக்கவில்லை. தண்ணீர் முக்கால் குடத்துக்கு வந்துவிட்டது, சத்தம் மெலிந்து மேலே ஏறுகிறது, கழுத்து வந்துவிட்டால் முடிந்தது. யாரோ தன் பின்னால் மூச்சை இழுத்தார்கள். எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. "அம்மா, ஒண்ணு கேக்கேன்" என்றது அவள் வாய், மனசைக் கேட்காமலே. "நடுவுல லைன் அறுந்துபோச்சுன்னா நான் திரும்பக் கூப்பிடலாமா?" தண்ணீர் ஊற்றுவது நின்றது. "கூப்பிட்டுராதீங்க அக்கா" என்றாள் உலகம்மாள், ஒரே மூச்சில். "இது அவரு ஃபோனு. நானே கூப்பிடுதேன். நீங்க கூப்பிட்டுராதீங்க." அதைக் கேட்டதும் தங்கபுஷ்பத்துக்கு நெஞ்சில் இருந்து ஏதோ ஒன்று கீழே இறங்கி உட்கார்ந்தது. இவ்வளவுதானா. இந்த ஒரு கேள்விதானா. "சரிம்மா, கூப்பிட மாட்டேன். நான் இங்கதான்..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குடம் உருண்டது. தரையில் தண்ணீர் ஓடுகிற சத்தம். ஃபோனை வைத்த மாதிரி டொக் என்று ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை.

மணி அடிக்கவில்லை. பாடம் முடிந்தால் ஹமீதா மேடம் மேசை மணியை ஒரு தட்டு தட்டுவார், தட்டவில்லை. அப்படியானால் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. அவள் மடியில் இருக்கும் டெலிபோனில் எண்கள் தேய்ந்துபோன பொத்தான்கள், எதை அமுக்கினாலும் திரும்பக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், வலது கை ஏற்கெனவே அதன் மேல் போயிருந்தது. இந்தக் கை. இந்தக் கையை அவளுக்குத் தெரியும். மில்லில் நூலைக் கோனாகச் சுற்றும் மிஷினில் நின்ற கை இது, அறுபது கோன் ஒரே நேரத்தில் ஓடும், எங்கே நூல் அறுந்தாலும் கண் பார்ப்பதற்கு முன்னால் கை அங்கே போய் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்ததுக்கு வந்துவிடும், அறுந்த நூலை ஒரு நொடிகூட அறுந்தபடி விடக்கூடாது, விட்டால் சூப்பர்வைசர் வந்து நிற்பான், "ஏம்மா, பஸ்ஸுக்கா நிக்கிற?" என்பான். பதினோரு வருஷம் அந்தக் கைக்கு ஒரே ஒரு புத்திதான், அறுந்தால் முடி. மில்லை விட்டு வந்த பிறகும் பஸ்ஸில் தூங்கினால் விரல்கள் அசைந்துகொண்டிருக்கும். அன்றைக்கு விடியற்காலம் அந்த நம்பரை அமுக்கியதும் இந்தக் கைதான், இரக்கம் என்று அவள் நினைத்தாள், இரக்கமும் இருந்தது, ஆனால் அமுக்கியது கை. இது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது, இந்தச் சுவருக்கு முன்னால். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் யாரோ இருமினார்கள். தரையில் கொட்டிய தண்ணீர் போர்வைக்கு அடியால் ஊர்ந்து வந்து அவள் குதிகாலைத் தொட்டது, சில்லென்று இருந்தது, காலை எடுக்கவில்லை. அங்கே என்ன நடக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை, அங்கே உலகம்மாள் நனைந்த சேலையோடு உட்கார்ந்திருக்கிறாள். இல்லை, அங்கே கரண்டி அடுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். நான் கூப்பிட்டால் நின்றுவிடும், ஃபோன் அடித்தால் அவன் கை ஒரு நொடி நிற்குமே. நிற்கும். அப்புறம்? அப்புறம் எந்தம்மா என்று கேட்பான். எமல்டா அக்காவின் முகம் வந்தது, மையத்தை நடத்துகிறவர், அந்த அழைப்பைப் பற்றி தங்கபுஷ்பமே போய்ச் சொன்னபோது அவர் கத்தவில்லை, பதிவேட்டை மூடினார். "ஒன்னை நிறுத்துறது லேசு. நிறுத்தினா அந்த நாற்காலியில இன்னொருத்தி வந்து இதே தப்பச் செய்வா. நீ போய்ப் படிச்சிட்டு வா" என்றார். அனுப்பினாரே. நாற்பத்தேழு வயசில், பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறினவளை, படித்துவிட்டு வா என்று ஒருத்தர் பஸ் ஏற்றிவிட்டாரே. நூல் கம்பெனியில் தப்பு செய்தால் படித்துவிட்டு வா என்று யார் சொன்னார்கள். எறும்பு வரிசையில் ஒன்று பாதியில் நின்று, திரும்பி, மறுபடி போனது. எத்தனை நிமிடம் ஆயிற்று. அன்றைக்கு ஒரு நிமிடம் பதினைந்து. அதைத் தாண்டியாகிவிட்டது, அது உடம்புக்குத் தெரிகிறது, தாண்டிய பிறகு அந்தப் பக்கம் வேறு மாதிரி இருக்கிறது, பயம் போகவில்லை, ஆனால் பயத்துக்கு உட்கார ஒரு இடம் கிடைத்துவிட்டது. அவள் நானே கூப்பிடுதேன் என்று சொன்னாள். சொன்னது அவள். எப்போது எடுக்கலாம் எப்போது கூடாது என்று அந்த வீட்டின் ஒவ்வொரு கதவும் தெரிந்தவள் அவள். அவள் சொன்னதை நம்பி உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை, சம்பளத்துக்கு உரிய வேலை, மில்லில் எந்த மிஷினிலும் இல்லாத வேலை. இடது கையால் மடியிலிருந்த தாளில் எழுதினாள், எழுத்து கோணலாக வந்தது: 'பேசும்போது கட் ஆனது. திரும்பக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவரே கூப்பிடுவார். அடுத்த ஷிப்டு எடுக்கிறவர்கள் தயாராக இருக்கவும். மாமியார், இரண்டு பிள்ளைகள்.' எழுதி முடித்ததும், தான் யாருக்கு என்று தெரியாமல் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள், உதடு அசையாமல், இந்தச் சுவருக்கு, போர்வைக்கு, காலில் பட்ட தண்ணீருக்கு. இதே அமைதிக்குள் மறுபடி ஒருதரம் உட்கார யாருக்குக் கொடுத்துவைக்கும்.

மணி அடித்தது. யாரும் கை தட்டவில்லை. போர்வையை விலக்கிக்கொண்டு வந்த ஹமீதா மேடம் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம் ஐம்பது செகண்ட் சும்மா இருந்திருக்கீங்க. அந்த நேரம் என்ன செஞ்சீங்க தங்கபுஷ்பம்?" "ஒண்ணும் செய்யல மேடம்." "அதைத்தான் கேக்கேன். எப்படிச் செஞ்சீங்க?" தங்கபுஷ்பம் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். "கை மேல உக்காந்திருந்தேன்" என்றாள். கூடம் சிரித்தது, மேடமும் சிரித்தார், தங்கபுஷ்பத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கை மரத்துப்போயிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று மேடம் கேட்டார், மறந்துபோச்சு என்றாள், "மறக்கும். அடுத்த தடவை கையில எழுதி வச்சுக்கோங்க, வெக்கப்படாதீங்க. எழுதி வச்சிருக்கிறவதான் கேப்பா" என்றார். கோணல் எழுத்துத் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு தரம் படித்த மாதிரி இருந்தது. அப்புறம் அதன் அடியிலேயே பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, "திங்கக்கிழமைலேருந்து ஃபோன்ல உக்காருங்க. எமல்டாகிட்ட நான் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார். உலகின் ஒரு மூலையில் ஒரு நாற்காலி மறுபடியும் தனக்கு என்று ஆகிவிட்டது, இதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

சாயங்காலச் சமையலுக்கு அவளும் உலகம்மாளும்தான் முறை. சமையற்கட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்து முருங்கைக்கீரையைக் குவித்திருந்தார்கள், அடைக்கு. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கொத்துக் கொத்தாக எடுத்து உருவத் தொடங்கினார்கள். உலகம்மாள் சேலை இன்னும் ஈரம். "குடம் உருண்டது வேணும்னு செய்யலக்கா, கை தவறிட்டு. நல்ல வேளை, மேடம் அதையும் நடிப்புன்னு நெனச்சிட்டாங்க" என்றாள். தங்கபுஷ்பம் சிரித்தாள். ஒரு கொத்தை உருவினாள். பழுத்த இலையைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு, தலையைத் தூக்காமல், "என் சீட்டு ஒன் கைக்கு வந்துட்டு உலகம்மா" என்றாள். "அது நான் எழுதினது. தண்ணி சத்தம், கட் ஆனது. நான் திரும்பக் கூப்பிட்டேன், அந்த ஆளு எடுத்துட்டான். ஒனக்கு வாசிச்சதும் தெரிஞ்சிருக்கும், எவளோ ஒரு கூறுகெட்டவன்னு." உலகம்மாள் கை நின்றது. "எந்தச் சீட்டு?" என்றாள். "நான் பேசுனதா? அது என்னோடதுதான் அக்கா." தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். உலகம்மாள் தொடர்ந்தாள். "என் சீட்டு எனக்கே வந்துட்டு. மாத்திக் குடுங்கன்னு மேடத்துக்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. அப்படியே பேசிட்டேன். மாமியா, ரெண்டு பிள்ளை, கரண்டி. தண்ணியத் தொறந்துவிட்டுட்டுத்தான் எல்லாவளும் பேசுதாளுவோ, வேற என்ன செய்வா. நானும் திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தது மாமியா." அப்படியானால் என் சீட்டு இன்னும் அந்த டப்பாவுக்குள்தான் இருக்கிறது என்று நினைத்தாள் தங்கபுஷ்பம், எனக்குக் கிடைத்தது என் அமைதியே இல்லை, இவளுடையது. இவளுடைய அமைதிக்குள்ளா நான் உட்கார்ந்திருந்தேன். "மத்தியானம் டப்பாவைக் கிளறும்போது கண்ணுல பட்டுது" என்றாள் உலகம்மாள், குரலைத் தணித்து. "நாலு சீட்டு அதே மாதிரிதான். திரும்பக் கூப்பிட்டேன், திரும்பக் கூப்பிட்டேன்னுதான் ஆரம்பிக்கு. நாம எல்லாரும் ஒரே பைத்தியம்."

"ஒனக்கு ஃபோன் பண்ணுன அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டாள் தங்கபுஷ்பம். முப்பத்தொரு நாளாக வாயில் வைத்துக்கொண்டே இருந்த கேள்வி, வேறு ஒருத்தியைப் பற்றி. உலகம்மாள் ஒரு கொத்தை எடுத்து உருவாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "கூப்பிட்டா. நாப்பத்திரண்டாவது நாளு. ரேஷன் கடைக்காரர் ஃபோன்லேருந்து. எடுத்ததும் என்ன சொன்னான்னு நெனக்கீங்க? ஏட்டி, ஒன்ன எவடீ கூப்பிடச் சொன்னான்னா. ஒன்னால எனக்கு என்ன ஆச்சு தெரியுமான்னா. அக்கா, அவ திட்டுன திட்டு! எங்க அம்மாகூட அப்படித் திட்டுனதில்ல. கேக்கவே முடியல. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு. நல்லாத் திட்டு தாயீ, திட்டுன்னு நிக்கேன். திட்டி முடிச்சிட்டு, சரி, இப்ப நான் என்ன செய்யணும்னு கேட்டா." கண்ணைத் துடைக்கப் போனவள், கையெல்லாம் கீரை என்று முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஒங்க பிள்ளையும் கூப்பிடும்னு நான் சொல்ல மாட்டேன். தேதி கேப்பாங்க மேடம்." தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பும் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து வந்தது. திங்கள்கிழமை. ராத்திரி முழுக்க அடிக்காத அந்தக் கறுப்பு டெலிபோன், அதன் முன்னால் நாற்காலி. என்றைக்காவது அது அடித்து, எடுத்ததும் ஒரு குரல் வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினால், நடுவில் ஒரு சொல் பேசக்கூடாது, கடைசி வரை கேட்க வேண்டும், ஒரு சொட்டு விடாமல். திட்டுவதற்காகவாவது கூப்பிட்டுவிடு தாயி. அதைக் கேட்பதற்கு ஒரு ஆள் அங்கே இருக்கும், அதை மட்டும் இன்றைக்குப் பச்சை மையில் எழுதி வாங்கியாகிவிட்டது. உள்ளேயிருந்து சமையற்கார அம்மா, "கீரை ஆச்சா, இல்ல நாளைக்கு அடையா?" என்று குரல் கொடுத்தாள். "ஆவுது ஆவுது" என்றாள் உலகம்மாள். தங்கபுஷ்பம் குவியலை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு கொத்தை எடுத்து, காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் உருவினாள்.